அயோடின் சொட்டில் தெரியும் கட்டுச்சோறு: லேப் பழகும் பிள்ளைகளுக்கு

ஒரு செல் ஒட்டுண்ணி தன் சாப்பாட்டை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாதாரண மைக்ராஸ்கோப், ஒரு சொட்டு அயோடின், அப்போது எடுத்த மலச் சாம்பிள், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான். மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பல வருஷமாக இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பாடத்தில் அமினோ அமிலங்களுக்கு ஒரு அத்தியாயம், சேமிப்புப் பொருட்களுக்கு இன்னொரு அத்தியாயம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் இரண்டையும் சேர்த்தே மறந்துவிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஸ்லைடைப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை என்பது புரிந்துவிடும்.

கதை இதுதான். நம் குடலுக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ இருக்கும்வரை ஒட்டுண்ணிக்குச் சர்க்கரையும் அமினோ அமிலமும் அன்றாடம் வந்துகொண்டே இருக்கும். வெளியே கிளம்ப வேண்டிய நேரம் வந்தால்தான் கட்டுச்சோறு கட்டும். அயோடின் நமக்குக் காட்டுவது அந்தக் கட்டுச்சோற்றை மட்டும். உள்ளே இருக்கும்போது நடக்கும் அமினோ அமிலச் சமாச்சாரத்தை எந்தச் சாயமும் காட்டாது. அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டையும் இங்கே சொல்கிறேன். பெஞ்ச் வேலையில் ஆரம்பிக்கலாம்.

அயோடின் கலக்குவது

லூகோல் அயோடின் என்று பெயர். 1829இல் லூகோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்த கலவை. மலப் பரிசோதனைக்கு நமக்கு வேண்டியது 1 சதவீதம்: பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அயோடின் படிகம் 1 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. வரிசை முக்கியம். முதலில் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதில்தான் படிகத்தைப் போட வேண்டும். வெறும் தண்ணீரில் அயோடின் மிகக் கொஞ்சம்தான் கரையும். மாலை வரை கலக்கினாலும் அடியில் கிடக்கும். அயோடைடு இருந்தால் இரண்டும் சேர்ந்து மூன்று அயோடின் அணு கொண்ட கூட்டாகிக் கரைந்துவிடும். பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி 100 மில்லி ஆக்குங்கள்.

பாக்டீரியாவுக்குச் சாயம் போடும் கிராம் ஸ்டெயின் பெட்டியில் இருக்கும் அயோடினை எடுத்துச் சொட்டு விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது இதே அளவு மருந்தை 300 மில்லியில் கலக்கியது. மூன்றில் ஒரு பங்குதான் வலு. சிஸ்டின் (பயணத்துக்காகச் சுவர் கட்டி ஒடுங்கிய ஒட்டுண்ணி) உட்கரு மங்கலாகத் தெரியும், கிளைக்கோஜன் (அது கட்டும் கட்டுச்சோறு) சரியாகத் தெரியாது. மாறாக, ரொம்பக் கெட்டியாகக் கலக்கினால் சாம்பிள் திரிந்து கட்டி கட்டியாகிவிடும், எல்லாமே பழுப்பாகத் தெரியும். இரண்டும் வேண்டாம்.

பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் அயோடின் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மேஜையில் சின்ன சொட்டுப் பாட்டில் மட்டும் இருக்கட்டும். பெரிய பாட்டிலை இறுக்கி மூடி அலமாரியில் வைத்துவிடுங்கள். நிறம் வெளிறிவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அயோடின் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பருக்கைச் சோறு போதும். மதியச் சாப்பாட்டிலிருந்து ஒன்றை ஒரு பழைய ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் உடனே ஏற வேண்டும். சாப்பாட்டு டப்பாவை லேப் மேஜைக்குக் கொண்டுவந்தால் நான் திட்டுவேன். பருக்கையைத்தான் கொண்டுவரச் சொன்னேன். அது மாவுச்சத்தின் நிறம். கிளைக்கோஜனின் நிறத்தைக் கண்ணுக்குப் பழக்க, பேக்கரிக்கு வாங்கும் உலர் ஈஸ்டைச் சர்க்கரைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு அதில் சொட்டு விட்டுப் பாருங்கள். ஈஸ்ட் செல்களுக்குள் செம்பழுப்பு தெரியும். இட்லி மாவில் பார்க்கலாமே என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். மாவு முழுக்க அரிசி மாவுச்சத்து. எங்கே பார்த்தாலும் நீலம்தான் தெரியும்.

ஏன் ஒன்று நீலம், ஒன்று பழுப்பு? இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிதான். மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் நீளமாகச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும், நீலம் வரும். கிளைக்கோஜன் அடிக்கடி கிளை பிரியும், நுனிகள் குட்டை. அயோடினுக்கு உட்கார இடம் குறைவு, அதனால் செம்பழுப்பு. அமைலோபெக்டின் இரண்டுக்கும் நடுவில், ஊதாச் சிவப்பு. இந்த மூன்றாவது பெயரை ஞாபகம் வையுங்கள். ஆட்டுப் புழுக்கைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

சாம்பிள்

இங்கேதான் பாதி வேலை கெடுகிறது. தண்ணீராகப் போயிருந்தால் அரை மணிக்குள் பார்க்க வேண்டும், கூழாக இருந்தால் ஒரு மணிக்குள், கட்டியாக இருந்தால் அன்றைக்குள். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ காலையில் பிடித்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். அதில் அசையும் ட்ரோபோசோய்ட்டை (தின்று வளரும் நிலை) தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், அது செத்துக் கரைந்திருக்கும். சிஸ்ட் இருக்கும். ஆனால் சிஸ்டும் வழியில் சும்மா இருப்பதில்லை. முதிர்ந்துகொண்டே இருக்கும், முதிரும்போது கிளைக்கோஜனைச் செலவழிக்கும். அதனால் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்ற இரண்டு நேரமும் எழுத வேண்டும். கேட்டால் வெட்கப்படுவார்கள். "பாட்டி, எத்தன மணிக்கு எடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். நீங்கள் மூக்கைச் சுளித்தால்தான் அவர்களுக்கு வாய் அடைத்துப்போகும்.

டப்பாவில் சிறுநீர் கலக்கக் கூடாது. மண்ணில் விழுந்ததை எடுக்கக் கூடாது. மண்ணில் தனியாக வாழும் அமீபாக்கள் உள்ளே வந்து குழப்பும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சலைன், அப்புறம்தான் அயோடின்

ஒரே ஸ்லைடில் இடது பக்கம் ஒரு சொட்டு 0.85 சதவீத சலைன் (உப்பு நீர்), வலது பக்கம் ஒரு சொட்டு அயோடின். தீக்குச்சி நுனி அளவு சாம்பிளை முதலில் சலைனில் கரைத்து, அப்புறம் அயோடினில் கரையுங்கள். மாற்றிச் செய்தால் சலைனில் அயோடின் கலந்துவிடும், அசைவது எல்லாம் நின்றுவிடும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து வைத்து மெதுவாக விடுங்கள், காற்றுக் குமிழி வராது. ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். படிக்க முடியவில்லை என்றால் கெட்டி. எழுத்து பளிச்சென்று தெரிந்தால் தண்ணீர். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள். கோடையில் கவர்ஸ்லிப்பின் ஓரம் காய்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

சலைன் பக்கத்தைப் பார்க்கும்போது கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். 10 ஆப்ஜெக்டிவில் ஒரு மூலையில் ஆரம்பித்து ஏர் ஓட்டுவதுபோல வரிசையாகப் போய், சந்தேகம் வந்தால் 40க்கு மாற்றுங்கள். அயோடின் பக்கத்துக்கு வந்ததும் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், நிறம் பார்க்கிறோம் அல்லவா. பழைய மஞ்சள் பல்பு மைக்ராஸ்கோப் என்றால் நீல ஃபில்டரைப் போடாமல் உட்காராதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் உலகமே கிளைக்கோஜனாகத் தெரியும்.

யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்

எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவின் இளம் சிஸ்டில் ஒன்றோ இரண்டோ உட்கரு இருக்கும். கிளைக்கோஜன் ஓரம் மங்கிப்போன பழுப்புத் திட்டாகத் தெரியும். நான்கு உட்கரு வந்த முதிர்ந்த சிஸ்டில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. பாடத்தில் நாம் வரைவது எப்போதும் நான்கு உட்கருப் படம் என்பதால் கிளைக்கோஜன் இல்லாத சிஸ்டையே சரியான சிஸ்ட் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இளசையும் வரைந்து பழகுங்கள். கூடவே குரோமட்டாய்டு கட்டைகள் இருக்கும், முனை உருண்டையாக. அவை அயோடினில் சாயம் ஏறாது. சலைனில் பளபளவென்று நன்றாகத் தெரியும். அது எரிபொருள் இல்லை. ரைபோசோம்களை அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் புரதம் செய்ய.

எண்டமீபா கோலையில் இரண்டு உட்கரு நிலையைப் பிடித்தால் நல்ல காட்சி. நடுவில் பெரிய கிளைக்கோஜன் திட்டு உட்கார்ந்து, உட்கரு இரண்டையும் எதிரெதிர் ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். எட்டு உட்கரு வந்ததும் திட்டு கரைந்துவிடும்.

இந்தப் பாடத்துக்கே நாயகன் அயோடமீபா பூட்ஸ்லி. அயோடின் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஒரே ஒரு உட்கரு. பக்கத்தில் ஓரம் வெட்டினாற்போல் ஒரு கரும்பழுப்பு உருண்டை, சில சமயம் சிஸ்டில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். முதிர்ந்த பிறகும் போகாது. சலைனில் அதே இடம் வெறும் ஓட்டையாகத்தான் தெரியும். நிரந்தரச் சாயம் போட்ட ஸ்லைடிலும் ஓட்டைதான், ஏனென்றால் அந்த வேலையில் கிளைக்கோஜன் கரைந்து போய்விடும். நோய் எதுவும் தராத அப்பாவி இது. ஆனால் நிறம் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. கிடைத்த அன்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஜியார்டியா சிஸ்ட் நீள்வட்டம், 8 முதல் 12 மைக்ரான் வரை இருக்கும். மொத்தமாக மஞ்சள் பழுப்பு ஏறும், தனித் திட்டு தெரியாது. பிளாஸ்டோசிஸ்டிஸில் பெரிய நடுக்குமிழி இருக்கும். அயோடமீபா என்று ஏமாறுபவர்கள் உண்டு. அந்தக் குமிழி பழுப்பு ஆகாது, உட்கருக்கள் ஓரத்தில் நெருக்கியிருக்கும்.

பெரிய பொறி வேறொன்று. மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் ஊர் இது. செரிக்காத மாவுச்சத்து நீலமாகத் தெரியும், அது தொந்தரவு இல்லை. அரைகுறையாகச் செரித்த மாவுச்சத்து சிவந்த ஊதா ஆகும், சில துணுக்குகள் செம்பழுப்பு வரை போகும். "மேடம், செவப்பா ஒண்ணு இருக்கு, அயோடமீபாவா?" என்று ஓடி வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: சுவர் இருக்கிறதா, உட்கரு இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் அது நேற்று ராத்திரிச் சாப்பாடு.

அயோடின் காட்டாத பாதி

சரி, உள்ளே இருக்கும்போது என்ன நடக்கிறது? குடலின் உள்பக்கத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஜியார்டியாவுக்கும் எண்டமீபாவுக்கும் நம்முடையதைப் போன்ற மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதன் மிச்சமாக, ஏடிபி (செல் செலவழிக்கும் சக்திப் பொருள்) தயாரிக்காத சின்ன உறுப்பு மட்டும் உண்டு. குளுக்கோஸை அரைகுறையாகத்தான் எரிக்க முடியும். அதனால் இரண்டும் அமினோ அமிலத்தைக் கையில் எடுக்கின்றன. ஆனால் ஒரே அமினோ அமிலத்தை இல்லை.

ஜியார்டியாவுக்குப் பிடித்தது ஆர்ஜினின். மூன்று படிதான், நோட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். முதல் என்சைம் ஆர்ஜினினிலிருந்து அம்மோனியாவைக் கழற்றிச் சிட்ருலின் ஆக்கும். இரண்டாவது, சிட்ருலினைப் பாஸ்பேட்டோடு சேர்த்து உடைத்து ஆர்னிதினும் கார்பமோயில் பாஸ்பேட்டும் தரும். மூன்றாவது, அந்தப் பாஸ்பேட்டை ஏடிபியாக மாற்றி, மீதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் அம்மோனியாவாகவும் விட்டுவிடும். ஒரு ஆர்ஜினினுக்கு ஒரு ஏடிபி. ஆக்சிஜன் தேவையில்லை, மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை. பாக்டீரியாக்களிடம் சகஜமாக இருக்கும் வழி இது. நம் உடம்பில் கிடையாது. இன்னொரு லாபமும் ஜியார்டியாவுக்கு உண்டு. நம் குடல் செல்கள் கிருமியை எதிர்க்க நைட்ரிக் ஆக்சைடு செய்கின்றன, அதற்கு மூலப்பொருள் இதே ஆர்ஜினின். ஜியார்டியா அதைச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டால் நம் பக்கத்தில் ஆயுதமும் குறைந்துவிடும்.

எண்டமீபாவிடம் இந்த ஆர்ஜினின் வழி இல்லை. அதனிடம் இருப்பது மெத்தியோனினை உடைக்கும் என்சைம். மனிதனிடம் அந்த என்சைம் கிடையாது. உடைத்தால் மூன்று பொருள் வரும்: அம்மோனியா, அழுகிய முட்டைக்கோஸ் வாடை வீசும் மீத்தேன்தயால், கீட்டோபியூட்டிரேட். கடைசியில் சொன்னதுதான் எரிபொருள். பைருவேட்டை உடைக்கும் அதே என்சைம் இதையும் உடைத்துச் சக்தி எடுக்கும். அந்த என்சைம் எலக்ட்ரான்களை ஃபெரிடாக்சின் என்ற புரதத்திடம் கொடுக்கிறது. மெட்ரோனிடசோல் மாத்திரை அங்கே போய் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுதான் விஷமாக மாறுகிறது. அது இல்லாமல் அந்த மருந்து வெறும் மாவு. நன்றாகத் தின்று வளரும் ட்ரோபோசோய்ட் அதில் சாகும். குடலில் சிஸ்டாகிக் கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருப்பது தப்பிக்கலாம். டாக்டர்கள் மெட்ரோனிடசோலுக்குப் பின்னால் டைலோக்ஸனைடு போன்ற இன்னொரு மருந்தை எழுதுவது இதற்காகத்தான்.

இந்த ஒட்டுண்ணிகளால் பெரும்பாலான அமினோ அமிலங்களைத் தாங்களாகச் செய்துகொள்ள முடியாது. நம்பவில்லை என்றால் அவற்றை வளர்க்கும் ஊடகத்தின் செய்முறையைப் பாருங்கள். 1978இல் டயமண்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட டிஒய்ஐ-எஸ்-33 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் செரித்த பால் புரதம், ஈஸ்ட் சாறு, சீரம், சிஸ்டீன் எல்லாம் தாராளமாகப் போகும். செல்லுக்கு என்ன இல்லை என்று தெரிந்துகொள்ள அதன் ஊடகப் பட்டியலைப் படித்தாலே போதும், வைவாவில் இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் சந்தோஷப்படுவார்.

ரத்தத்தில் தேடாதீர்கள்

மாட்டு ரத்தத்தில் வரும் ட்ரிப்பனோசோமா எவன்சியில் கிளைக்கோஜன் தேடி அயோடின் விட்ட பிள்ளைகள் உண்டு. ஆர்வம் நல்லது, ஆனால் அங்கே எதுவும் கிடைக்காது. ரத்தத்தில் குளுக்கோஸ் எந்நேரமும் ஓடுகிறது, பிறகு எதற்குச் சேமிப்பு? மாட்டைக் கடிக்கும் பெரிய ஈயின் வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடும். கிரிஃபித் எவன்ஸ் 1880இல் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதைக் கண்டார். சர்ரா நோய் என்பது இதுதான். சேமிப்பு இல்லாததால் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், வந்து பார்க்கும்போது அசைவு குறைந்திருக்கும். காது ரத்தக்குழாயில் குத்தி எடுத்த சொட்டை உடனே கவர்ஸ்லிப் போட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் இதன் உறவுக்காரர் ட்ரிப்பனோசோமா புரூசி, செட்சி ஈயின் குடலுக்குள் போனதும் குளுக்கோஸை விட்டுவிட்டு புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு மாறிவிடும். அந்த ஈ பறப்பதற்கே புரோலினைத்தான் எரிக்கிறது. வீட்டுக்காரர் சாப்பிடுவதைத்தான் விருந்தாளியும் சாப்பிடுகிறார். எவன்சியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பழுதாகிப்போனது, அதனால் அந்த வழி அதற்கு அடைபட்டுவிட்டது.

மலேரியாவும் அப்படித்தான். சிவப்பணுவுக்குள் இருக்கும் பிளாஸ்மோடியத்திடம் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. ஹீமோகுளோபினைச் செரித்து அமினோ அமிலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற ஒரு அமினோ அமிலம் மட்டும் கிடையாது. அதை வெளியே பிளாஸ்மாவிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஜீம்சா சாயம் போட்ட ரத்த ஸ்லைடில் நீங்கள் பார்க்கும் பழுப்பு நிறமி அந்தச் சாப்பாட்டின் குப்பை, சேமிப்பு இல்லை.

விலக்கும் உண்டு. ட்ரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் உண்மையான சிஸ்ட் ஆவதில்லை, இருந்தும் உள்ளே கிளைக்கோஜன் துகள்கள் வைத்திருக்கிறது. அதனிடம் ஆர்ஜினின் வழியும் இருக்கிறது. லீஷ்மேனியா கிளைக்கோஜனுக்குப் பதில் மேனோஸ் சங்கிலியைச் சேர்க்கும். 1903இல் சென்னையில் டோனவன் கண்ட காலா அசார் (கருங்காய்ச்சல்) ஒட்டுண்ணிதான் அது. அதற்கு அயோடின் உதவாது. டாக்சோபிளாஸ்மா இதில் ஒழுங்கானவர்: வேகமாகப் பெருகும் நிலையில் அமைலோபெக்டின் மிகக் குறைவு, தசையிலும் மூளையிலும் சிஸ்டாகி அடுத்த விலங்குக்காகக் காத்திருக்கும் நிலையில் நிறைய.

ஆட்டுப் புழுக்கையில் ஒரு பயிற்சி

மனித மலத்தைப் பழகப் பயமாக இருந்தால் ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பியுங்கள். அதில் வரும் ஐமீரியா என்ற குடல் ஒட்டுண்ணி மனிதருக்கு ஒட்டாது. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் குட்டிகளின் புழுக்கையைக் கேட்டபோது, "ஏந்தாயி, புழுக்கைய கண்ணாடியில வச்சு என்னத்தப் பாப்பீக?" என்று கேட்டார். குட்டிக்குக் கழிச்சல் ஏன் வருகிறது என்று பார்ப்போம் என்றேன். அப்படியானால் முழுக் கூடையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு கைப்பிடி போதும். குட்டி ஆட்டினுடையதாக, அப்போது போட்டதாக இருக்கட்டும்.

சூடான தண்ணீரில் கல் உப்பை, இனிக் கரையாது என்னும்வரை போட்டு, ஆறவிட்டு வடிகட்டுங்கள். புழுக்கையை அதில் நசுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே கவர்ஸ்லிப்பை வைத்து 15, 20 நிமிஷம் விடுங்கள். ஊசிஸ்ட் (ஐமீரியா வெளியே வரும் சுவர் கட்டிய நிலை) மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரே உருண்டை தெரியும், அது இன்னும் பயணத்துக்குத் தயாராகவில்லை. கிடைத்ததை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவி உப்பை நீக்கி, 2.5 சதவீத பொட்டாசியம் டைக்ரோமேட்டில் மெல்லிய படலமாக அகலத் தட்டில் வையுங்கள். காற்று படுவது முக்கியம். ஆழமான பாட்டிலில் அடைத்தால் ஒன்றும் நடக்காது. தினமும் கலக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளே நான்கு அறைகளும், அறைக்கு இரண்டு ஸ்போரோசோய்ட்டும் (அடுத்த ஆட்டைத் தொற்றும் செல்) வந்திருக்கும். வெயில் சுடும் மாடி அறையில் வைக்காதீர்கள். அவ்வளவு சூடு ஆகாது.

இந்த மாற்றத்துக்கான செலவு முழுக்க உள்ளே கட்டியதிலிருந்துதான்: அமைலோபெக்டின், கொழுப்பு, கூடவே மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். மீதி அமைலோபெக்டின் ஸ்போரோசோய்ட்டுக்குள் போகும். அடுத்த ஆட்டின் குடலில் சுவரை உடைத்து வெளியே வரவும், செல்லுக்குள் நுழையவும் அதுதான் தெம்பு. அது குறையக் குறைய தொற்றும் திறனும் குறையும். தண்ணீரில் பரவும் கிரிப்டோஸ்போரிடியத்திலும் இதே கணக்கு: சூடான தண்ணீரில் கிடந்தால் அமைலோபெக்டின் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அயோடின் ஊசிஸ்டின் சுவரைத் தாண்டி நன்றாகப் போகாது, அதனால் இங்கே நிறம் எதிர்பார்க்காதீர்கள். நிறம் வேண்டுமென்றால் ரத்தக் கழிச்சலில் செத்த கோழியின் குருட்டுக் குடலைச் சுரண்டி ஸ்மியர் போடுங்கள். ஒரே மாதிரி இரண்டு ஸ்லைடு, ஆல்கஹாலில் பதப்படுத்தியது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, ஒரு ஸ்லைடில் மட்டும் உமிழ்நீரை விட்டு 37 டிகிரியில் அரை மணி மூடி வையுங்கள். நம் கோடையில் மேஜையே போதும். கழுவிய பிறகு இரண்டுக்கும் 1 சதவீத பெரியாடிக் அமிலம் 10 நிமிஷம், கழுவி ஷிஃப் திரவம் 15 நிமிஷம் (இரண்டும் சேர்ந்து சர்க்கரைச் சங்கிலியை ரோஸ் ஆக்கும்), அப்புறம் ஓடும் தண்ணீரில் 10 நிமிஷம். உமிழ்நீர் படாத ஸ்லைடில் ஐமீரியாவின் பெண் செல்களுக்குள் அடர் ரோஸ் நிறத் துகள்கள் நிறைந்திருக்கும். உமிழ்நீர் பட்டதில் அந்தத் துகள்கள் மங்கிவிடும், நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் தின்றுவிட்டது. குடலின் சளி மட்டும் இரண்டிலும் ரோஸாகவே இருக்கும், அது வேறு சரக்கு. உமிழ்நீர் ஸ்லைடு போடாமல் ரோஸ் எல்லாம் சேமிப்பு என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டைக்ரோமேட் விஷம், புற்றுநோய் தரக்கூடியது. கையுறை போடுங்கள், சிங்கில் ஊற்றாதீர்கள், தனிக் கேனில் சேருங்கள். ஸ்லைடுகளை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறப்போட்டு அப்புறம் எடுத்துப்போடுங்கள். ஆனால் ஐமீரியா ஊசிஸ்ட் அதற்குச் சாகாது. அந்தத் தண்ணீரையும் மிச்சப் புழுக்கையையும் நன்றாகக் கொதிக்க வையுங்கள். கோழி, ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கண்டிப்பாக.

நோட்டிலும் ரிப்போர்ட்டிலும்

டாக்டருக்குப் போகும் ரிப்போர்ட்டில் கிளைக்கோஜன் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவருக்கு அது தேவையில்லை. நான்கு உட்கரு சிஸ்ட் என்றால் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா அல்லது டிஸ்பார் என்று இரண்டையும் எழுதுங்கள். வெறும் சிஸ்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அயோடமீபா இருந்தால் எழுதி, நோய் தராதது என்றும் சேருங்கள், இல்லாவிட்டால் யாராவது மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

உங்கள் நோட்டில் வேறு கணக்கு. படத்துக்குப் பக்கத்தில் உட்கரு எத்தனை, பழுப்புத் திட்டின் ஓரம் மங்கலா வெட்டினாற்போலா, கட்டைகள் சலைனில் தெரிந்ததா, சாம்பிள் போன நேரம், பார்த்த நேரம். நேரம் எழுதாத படத்துக்கு நான் மார்க் போடுவதில்லை.